நிக்கோ இரோஹாசாகா: இலை சிவக்கும் பருவத்தில் சைக்கிள் ஏற்றம், என்ன தயாரிப்பு வேண்டும்?

பொங்கோல்_சக்கரம் கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் நான்கு பேர் இந்த அக்டோபர் கடைசியில் ஜப்பான் போகிறோம். நிக்கோவில் இரோஹாசாகா மலைச்சாலையில் ஏறி, மேலே சூசென்ஜி ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவது திட்டம். நவம்பர் 8 தீபாவளி என்பதால் 5ஆம் தேதிக்குள் சிங்கப்பூர் திரும்பியாக வேண்டும்.

நான்கும் ரோடு பைக். மூன்றில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஒன்றில் ரிம் பிரேக், கார்பன் ரிம். கியர் பற்கள் முன்னால் 50/34, பின்னால் 11-30. டயர் 25 மில்லிமீட்டர். ஞாயிறுதோறும் மண்டாய், லிம் சூ காங் பக்கம் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஃபேபர் மலையும் ஏறுவோம். நீளமான மலை ஏற்றம் யாருக்கும் பழக்கமில்லை.

எந்தத் தேதி சரி? இந்த கியர் போதுமா? ரயிலில் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது? குளிருக்கு எவ்வளவு துணி வேண்டும்?

மலைப்பாதை_ரவி:

கியரைப் பற்றிக் கவலை வேண்டாம். 34-க்கு 30 தாராளமாகப் போதும். ஏறும் சாலையின் நீளம் சுமார் 9.5 கிலோமீட்டர், உயர வித்தியாசம் 440 மீட்டர் அளவு. சராசரியாக 5 விழுக்காட்டுக்கும் குறைவான சரிவுதான். தெற்கு புவன விஸ்தா சாலை வளைவுகளைச் சிரமமில்லாமல் ஏறுகிறவர் இதையும் ஏறிவிடுவார். ஒன்றே ஒன்று, நம் ஊரில் இரண்டு மூன்று நிமிடத்தில் உச்சி வந்துவிடும், இறங்கும்போது கால் ஓய்வெடுக்கும். அங்கே 50 நிமிடம், ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் ஒருமுறையாவது வீட்டு டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவி) ஒரு மணி நேரம், மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில், நிறுத்தாமல் மிதியுங்கள். ஃபேபர் மலையைப் பத்து முறை ஏறி இறங்குவதைவிட இது உதவும்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் சாலையின் அமைப்பு. இரோஹாசாகா என்பது ஒரு சாலை அல்ல, இரண்டு. இரண்டாம் இரோஹாசாகா ஏறுவதற்கு மட்டும், 20 வளைவு. முதலாம் இரோஹாசாகா இறங்குவதற்கு மட்டும், 28 வளைவு. இரண்டும் ஒருவழி, சைக்கிளுக்கும் அப்படித்தான். மலையடிவாரத்தில் இருக்கும் உமாகயேஷியைத் தாண்டி ஏறத் தொடங்கிவிட்டால், பாதியில் கால் ஓய்ந்தாலும் மழை வந்தாலும் திரும்பி வர வழியில்லை, மேலே போய்த்தான் ஆக வேண்டும். அதனால் சந்தேகம் எதுவாக இருந்தாலும் (பிரேக் சத்தம், டயரில் வெட்டு, வயிற்றுக் கோளாறு) உமாகயேஷியிலேயே முடிவெடுங்கள்.

வளைவுகள் மொத்தம் 48. பழைய ஜப்பானிய எழுத்து வரிசையும் 48, அதன் முதல் மூன்று எழுத்துகளிலிருந்து வந்ததுதான் பெயர். ஒவ்வொரு வளைவிலும் அந்த வரிசைப்படி ஓர் எழுத்துப் பலகை இருக்கும், நம் அ ஆ இ ஈ மாதிரி. ‘இ’யில் தொடங்கி ஏறினால் இருபதாவது வளைவில் ‘நே’. இறங்கும் சாலை ‘ந’வில் தொடங்கும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. யாராவது விழுந்துவிட்டால் 119-க்கு அழைத்து (அங்கே ஆம்புலன்சும் தீயணைப்பும் அந்த எண்தான், காவல்துறை 110) எந்தப் பலகைக்குப் பக்கத்தில் என்று சொன்னால் போதும், இடம் புரிந்துவிடும். புறப்படும் முன் அந்தப் பட்டியலைப் படமெடுத்து நால்வர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா_டயர்க்கடை:

தேதியைப் பற்றி. நிறம் மேலிருந்து கீழே இறங்கி வரும். ஏரிக்கும் மேலே உள்ள யுமோதோ பக்கமும் ரியூசு அருவியும் அக்டோபர் முதல் பாதியிலேயே சிவந்துவிடும். சூசென்ஜி ஏரிக்கரை அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை, இரோஹாசாகா சரிவு அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, நிக்கோ ஊர் நவம்பரில். வெயில் நீடிக்கும் ஆண்டுகளில் எல்லாமே சில நாள் தள்ளிப்போகும். உங்களுக்கு வேண்டியது சரிவும் ஏரியும் என்றால் அக்டோபர் 27, 28, 29 சரியாக வரும். செவ்வாய், புதன், வியாழன். நவம்பர் 3 செவ்வாய் அங்கே பொது விடுமுறை, திங்களை விடுப்பெடுத்துச் சனி முதல் நான்கு நாள் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நான்கு நாளும் மலைப்பக்கம் போகாதீர்கள். கார்கள் நகராது.

கார் நெரிசலில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நின்றிருக்கும் வரிசைக்கு இடப்பக்கமாகப் புகுந்து போகும்போது படம் எடுக்க யாராவது கதவைத் திறப்பார்கள், அதுதான் ஆபத்து. நிற்கும் காரைக் கடக்கும்போது நடை வேகத்துக்குக் குறையுங்கள். இடம் ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் வரிசையிலேயே நில்லுங்கள். நம்மைப் போல அங்கேயும் இடப்பக்கப் போக்குவரத்துதான், அந்தக் குழப்பம் இருக்காது. ஆனால் இருவர் இருவராக ஓட்டும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், அங்கே ஒற்றை வரிசைதான். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்தால் தண்டனை உண்டு, 2024 நவம்பரிலிருந்து சட்டம் கடுமையாகிவிட்டது.

நிக்கோ ஊரிலேயே முந்தின இரவு தங்குங்கள். தோக்கியோவிலிருந்து காலை ரயில் பிடித்து வந்தால் நெரிசலுக்குள்தான் போய் விழுவீர்கள். அந்த வாரம் சூரிய உதயம் 6 மணிக்குச் சற்று முன், மறைவு மாலை 4.50 வாக்கில். நம் ஊரின் ஏழு மணி அந்தியை மனதில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ரயில் நிலையத்திலிருந்து 6 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்குள் உமாகயேஷி, எட்டரைக்குள் மேலே. ஏற்றத்தின் உச்சிக்குப் பக்கத்தில் உள்ள அக்கெச்சிதைரா காட்சிமேட்டில் நின்று பார்த்துவிட்டு, சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன் முன்விளக்கையும் பின்விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊத்சுனொமியா வழியாகப் போவதாக இருந்தால் இன்னொன்று. 1990இல் உலக சைக்கிள் போட்டி நடந்த ஊர் அது, 1992 முதல் ஜப்பான் கோப்பைப் பந்தயம் அங்கேதான், வழக்கமாக அக்டோபரில். பந்தய வார இறுதியில் அறை கிடைப்பது சிரமம், தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஜூரோங்_மெக்கானிக்:

சைக்கிளைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் ரயில். அங்கே சைக்கிளைப் பிரித்து, ‘ரின்கோ’ பை என்று சொல்லும் துணிப்பையில் முழுவதும் மூடித்தான் ஏற்ற முடியும். சீட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், குப்பைப்பையால் சுற்றினாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் நீள, அகல, உயரக் கூட்டுத்தொகை 250 சென்டிமீட்டர், எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, சட்டத்தின் இரு பக்கமும் வைத்துக் கட்டி, ஹேண்டில்பாரைத் திருப்பினால் அடங்கிவிடும். பின்சக்கரம் இருந்த இடத்தில் தாங்கி ஒன்று மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தின் எடை முழுவதும் பின் டிரெயிலியரில் (கியர் மாற்றும் கருவி) இறங்கி, அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்துவிடும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி வடிவம், அங்கே போய்க் கடையில் தேடினால் கிடைக்காது. நால்வரும் ஆளுக்கொன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கூடத்தில் மூன்று முறையாவது பிரித்து மூட்டிப் பாருங்கள், 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

சக்கரம் கழற்றியவுடன் டிஸ்க் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பைச் சொருகுங்கள். பையில் எங்காவது அழுந்தி, தெரியாமல் பிரேக் லீவர் அமுங்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. அந்தத் தடுப்பு தொலைந்தால் மடித்த அட்டைகூடப் போதும்.

பிரேக் பேடு தேய்ந்திருந்தால் இங்கேயே மாற்றுங்கள், கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது. புதுப் பேடு உடனே பிடிக்காது. 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரை இருபது முறை மெல்லக் குறைத்தால்தான் பேடின் மாவு டிஸ்க்கில் ஒட்டி முழுப்பிடி வரும். முந்தின நாள் மாற்றிவிட்டு மலையிறங்கினால் பேடு கண்ணாடிபோல் வழவழத்து, கீச்சென்று கத்தும், வண்டி நிற்காது.

கார்பன் ரிம் வைத்திருப்பவர் தயவுசெய்து அலுமினியச் சக்கரம் இரவல் வாங்கிப் போகட்டும். 28 வளைவில் விடாமல் உரசினால் ரிம் சூடாகும், ஈரத்தில் கார்பன் பிடிப்பதும் தாமதமாகும். மாற்றும்போது பிரேக் கட்டையையும் அலுமினியத்துக்கு உரியதாக மாற்ற வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

டயர் 28 போட இடமிருந்தால் போடுங்கள். 65 கிலோ ஆளுக்கு 28 டயரில் முன் 60, பின் 65 பிஎஸ்ஐ போதும், சாலை ஈரமாக இருந்தால் இரண்டிலும் 5 குறைக்கலாம். மண்டாயில் ஓட்டும் 95, 100 அங்கே வேண்டாம். டயருக்குக் காற்றடைக்கும் வாயுக் குப்பியை நம்ப வேண்டாம், விமானத்தில் சிக்கல் வரும், கைப்பம்பு போதும்.

மலைப்பாதை_ரவி:

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தச் சாலையில் ஆட்கள் விழுவது அங்கேதான்.

உதிர்ந்த இலை காய்ந்திருந்தால் நொறுங்கும், பெரிய தொல்லை இல்லை. பனியில் நனைந்த இலை அடுக்கடுக்காகப் படிந்து, கார்ச் சக்கரங்கள் அரைத்துக் கூழாகிக் கிடக்கும். மேலடுக்கு டயரோடு ஒட்டும், கீழடுக்கு தாரோடு ஒட்டும், நடுவில் வழுக்கும். வாழைப்பழத்தோல் மாதிரிதான். கார்ச் சக்கரம் ஓடும் இரண்டு தடங்கள் ஓரளவு சுத்தமாக இருக்கும். இலை குவிவது சாலையோரத்திலும் வளைவின் உள்விளிம்பிலும். ஓரமாக ஒதுங்கி ஓட்டும் நம் பழக்கம் அங்கே நேராக இலைக்குவியலில் கொண்டுபோய் விடும். இடப்பக்கத் தடத்திலேயே ஓட்டுங்கள், பின்னால் கார் வந்தால் நேரான பகுதியில் வழிவிடுங்கள்.

வளைவுக்கு முன், வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். சாய்ந்தபின் பிரேக்கைத் தொடக் கூடாது. இலைமேல் ஏறிவிட்டால் பிரேக்கும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், உருண்டு கடந்துவிடுங்கள். வெள்ளைக்கோடு, இரும்புச் சட்டம், பாலத்து இணைப்பு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே போகாமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாருங்கள். டிஸ்க் ஆறும், விரலும் ஆறும்.

அதனால்தான் மேலே போனவுடன் இறங்க வேண்டாம் என்கிறேன். மரநிழலில் சாலை காய நேரமாகும். கெகோன் அருவி (97 மீட்டர்), ஏரிக்கரை, முடிந்தால் செஞ்சோகஹாரா புல்வெளி வரை போய்விட்டுப் பதினொன்றுக்கு மேல் இறங்குங்கள். மழை பெய்திருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் காயாது, அன்றைக்கு ஏறவே வேண்டாம்.

பொங்கோல்_சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. அலுமினியச் சக்கரத்துக்குச் சொல்லிவிட்டேன். குளிரைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்களிடம் இருப்பது அரைக்கை ஜெர்சி மட்டும்தான். எங்களில் ஒருவர் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

செங்காங்_அக்கா:

தம்பி, ஏரி 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர் அதைவிட 700 மீட்டருக்கு மேல் தாழ்வு. நூறு மீட்டருக்குச் சுமார் 0.6 பாகை குறையும் என்றால், ஊரில் 8 பாகையாக இருக்கும் காலையில் மேலே 4. அந்தக் குளிரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்குத் தெரிவது கழித்தல் 2 அளவு. ஏறும்போது குளிர் தெரியாது, வேர்த்துக் கொட்டும். ஆபத்தே அந்த வேர்வையில்தான் இருக்கிறது. நனைந்த உள்ளாடையோடு உச்சியில் பத்து நிமிடம் படம் எடுத்தால் பல் கிட்டிவிடும், கை விறைத்துவிடும், லீவரை இழுக்க விரல் மடங்காது.

ஆகவே இரண்டு உள்பனியன், நைலான் அல்லது கம்பளி நூல், பருத்தி கூடாது. ஒன்று போட்டுக்கொண்டு, மற்றதை ஜிப் பையில் போட்டு ஜெர்சிப் பின்பையில் வையுங்கள். மேலே போனதும் முதல் வேலை கழிவறைக்குள் போய் அதை மாற்றுவது. கைமூடி, முழங்கால்மூடி, காற்றுத்தடுப்பு மேலாடை, முழுவிரல் கையுறை, ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய தொப்பி. ஏறும்போது மேலாடையைத் திறந்துவிடுங்கள், வேர்க்க விடாதீர்கள். தடித்த கையுறை வாங்கினால் லீவர் எட்டும் தூரத்தை அதற்கான திருகில் சரிசெய்து, இங்கேயே ஒருநாள் போட்டு ஓட்டிப் பாருங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை.

சைவத்துக்கு நிக்கோ நல்ல ஊர்தான், யுபா என்கிற சோயாப்பால் ஆடை அங்கே பெயர்போனது. ஆனால் அது மிதக்கும் சாறு பெரும்பாலும் மீன்சாறு, சோபா நூடல்ஸ் சாறும் அப்படித்தான், கேட்காமல் வாங்க வேண்டாம். சவாரிக்குத் தேக்காவிலிருந்து கடலை மிட்டாயும் பேரீச்சையும் எடுத்துப் போங்கள், ஆளுக்கு மணிக்கு இரண்டு மிட்டாய் என்று கணக்கு வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குத் தண்ணீர்.

சாப்பாட்டைக் குரங்கு பார்க்கும்படி வெளியே எடுக்காதீர்கள். இரோஹாசாகாக் குரங்குகள் நம் ரைஃபிள் ரேஞ்ச் சாலைக் குரங்குகளைவிடத் துணிச்சல், கையிலிருந்தே பிடுங்கும். அவற்றுக்குத் தீனி போடுவதை நிக்கோ நகரம் 2000ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. கரடியும் உள்ள காடு, குளிர்காலத்துக்கு முன் இரை தேடி நடமாடும். செஞ்சோகஹாரா பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு நடைபாதையில் போவதானால் ஒரு சிறு மணியைப் பையில் கட்டிக்கொண்டு போங்கள்.