பழைய கல்லடிப் பாலத்தின் படத்தில் வெள்ளைக் கோடுகள்: ஷார்பனிங் (கூர்மையாக்கல்) அளவு குறித்து உதவி தேவை

கேள்வி (மட்டக்களப்பு):
அனைவருக்கும் வணக்கம். 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தையும் அதனருகே வாவியில் வலை வீசும் மீனவர் ஒருவரையும் அதிகாலையில் றோ கோப்பாக (கமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) படம் எடுத்தேன். அளவு 6000க்கு 4000 பிக்சல். எந்தப் படத்துக்கும் அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் கருவியில் அமௌன்ட் (கூர்மையின் வலு) 200, ரேடியஸ் 3, திரெஷோல்ட் 0 என்று வைத்தால் போதும் என இணையத்தில் கண்டு அவ்வாறே செய்தேன். கைபேசியில் படம் அழகாக இருந்தது. 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டபோதோ இரும்புச் சட்டங்களின் ஓரமெங்கும் வெள்ளைக் கோடு ஓடுகிறது. வானம் மணல் தூவியதுபோல் இருக்கிறது. மீனவரின் கை இன்னும் மங்கலாகவே தெரிகிறது. அளவைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில் (கல்முனை):
தம்பி, ஷார்பனிங் படத்தில் பதியாத நுணுக்கத்தை உண்டாக்காது. விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளிச்சமாக்கும்; அம்மாற்றம் எத்தனை பிக்சல் அகலத்துக்குப் பரவும் என்பதை ரேடியஸ் தீர்மானிக்கும். கரிய இரும்பு வெளிறிய வானத்தைச் சந்திக்கும் இடத்தில் உங்கள் அளவுகளை வைத்தால் வெள்ளை விளிம்பு தோன்றியே தீரும். எவ்வளவு சிறிய வேறுபாடுகளைத் தொடாமல் விடுவது என்பதைக் குறிக்கும் திரெஷோல்ட் 0 என்பதால், வானத்தின் நொய்ஸும் (மணல் போன்ற புள்ளிகளும்) சேர்ந்து கூர்மையாகிவிட்டது. கைபேசி படத்தைப் பல மடங்கு சுருக்கிக் காட்டியதால் இவை கண்ணில் படவில்லை. கணினியில் 100 வீத அளவில் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அந்த எண்கள் யாரோ ஒருவரின் ஒரு படத்துக்குப் பொருந்தியிருக்கலாம். ஆனால் இணையத்துக்காக 1200 பிக்சலுக்குச் சுருக்கிய படத்துக்கும், அங்குலத்துக்கு ஏறத்தாழ 333 பிக்சல் வீதம் அச்சாகும் உங்கள் படத்துக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? காரணத்தைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுப்பது, புதிதாகப் பழகுபவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

மூல றோ கோப்பை லைட்ரூம் மென்பொருளில் மீண்டும் திறந்து, அமௌன்ட் 40, ரேடியஸ் 1.0 என்ற இயல்பு அளவிலிருந்து தொடங்குங்கள். கூர்மை எங்கே பட வேண்டும் என்பதை வரையறுக்கும் மாஸ்கிங்கை ஆல்ட் விசையை அழுத்தியபடி நகர்த்தினால் கூர்மையாகும் இடங்கள் வெள்ளையாகவும், தொடப்படாத இடங்கள் கறுப்பாகவும் தெரியும். வானம் முழுவதும் கறுப்பாகி, சட்டங்களும் வலையின் நூல்களும் மட்டும் வெள்ளையாக எஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். அச்சுக்கான கூர்மையை, அளவை மாற்றிய பின், கோப்பை வெளியே எடுக்கும்போது (எக்ஸ்போர்ட்) மட் தாளா பளபளப்புத் தாளா என்பதைத் தெரிவுசெய்து தனியாகக் கொடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. மாஸ்கிங்கை உயர்த்தியதும் வானம் சுத்தமாகிவிட்டது. கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஷட்டர் வேகம் 1/60 செக்கன்.

பதில் (அக்கரைப்பற்று):
அது அசைவினால் வந்த மங்கல். எந்த ஷார்பனிங்கும் அதைச் சரிசெய்யாது. வலை வீசும் கையை உறைந்தாற்போல் எடுக்க வேண்டுமானால், ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்தியாவது 1/500 அல்லது அதைவிட வேகமான ஷட்டரை வையுங்கள். நொய்ஸைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம், அசைவை நீக்குவது அரிது. முழுப் படத்தையும் மறுபடி அச்சிடுவதற்கு முன், பாலமும் வானமும் சேரும் பகுதியை மட்டும் சுருக்காமலும் பெருக்காமலும் வெட்டி, 4க்கு 6 அங்குலத் துண்டாக அச்சிட்டுப் பாருங்கள்.