27 கி.மீ. ஓட்டத்தில் அவலாஞ்சிக்கும் குன்னூருக்கும் ஒரே மழை: எங்கே தவறு?

கேள்வி (குன்னூர்)
வணக்கம். இரா5 தரவை (கடந்தகால வானிலையின் உலகளாவிய மறு ஆய்வுத் தரவு) எல்லையாகக் கொடுத்து, டபிள்யூஆர்எஃப் என்ற வட்டார வானிலை மாடலை 27 கி.மீ. கட்டத்தில் 2010 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரை ஒரே தொடராக ஓட்டினேன். நீலகிரியின் மேற்கே இருக்கும் அவலாஞ்சிக்கும் கிழக்கே இருக்கும் குன்னூருக்கும் ஒரே மழை வருகிறது. குன்னூர் வெப்பநிலை கிட்டத்தட்ட 3 டிகிரி கூடுதல். வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. 3 கி.மீ.க்கு இறங்கினால் எல்லாம் சரியாகுமா?

பதில் (கோத்தகிரி)
முதல் இரண்டும் பெரும்பாலும் சரியாகும். மூன்றாவதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன்.

இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் 25 கி.மீ.கூட இல்லை, ஒரே கட்டத்திலோ அடுத்தடுத்த கட்டங்களிலோ விழுந்திருக்கும். தவிர, மாடல் உருப்படியாகக் காட்டும் மிகச் சிறிய அமைப்பே கட்ட அளவைப்போல் ஏழு மடங்கு. 27-க்கு அது 190 கி.மீ., 3-க்கு 21 கி.மீ. மழை மறைவுப் பகுதி உருவாக மேற்குச் சரிவு செங்குத்தாக நிற்க வேண்டும், உங்கள் மலையோ மழுங்கிக் கிடக்கிறது. மாடலின் நில உயரம் இருக்கும் ஜியோகிரிட் கோப்பில் குன்னூர்க் கட்டத்தின் உயரத்தைப் பாருங்கள். 1,400 மீட்டர் என்று இருந்தால், நிஜம் சுமார் 1,850, கி.மீ.க்கு 6.5 டிகிரி வீதம் 2.9 டிகிரி. உங்கள் 3 டிகிரி அங்கேதான் இருக்கிறது.

27, 9, 3 கி.மீ. என்று மூன்று வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். 3 கி.மீ.யில் குமுலஸ் திட்டத்தை (கட்டத்துக்குள் அடங்கும் மேகங்களைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதி) நிறுத்திவிடுங்கள். உள்வட்டத்தின் மேற்கு எல்லையை அரபிக் கடலுக்குள் தள்ளி வையுங்கள். சரிவின்மேல் வைத்தால் பொய் மழை கொட்டும். ஓட்டம் பாதியில் நின்றால் ஆர்எஸ்எல் என்ற பதிவுக் கோப்புகளில் சிஎஃப்எல் (நேரப்படி பெரிதாகிவிட்டது என்ற எச்சரிக்கை) என்று தேடுங்கள். இருந்தால் வெளிவட்ட நேரப்படியை 162-லிருந்து 108 நொடிக்குக் குறைத்து, செங்குத்து ஒலியலைகளை அடக்கும் எப்சம் அளவை 0.1-லிருந்து 0.5 ஆக்குங்கள். ஒரே பரப்பை 3 கி.மீ.யில் ஓட்ட, 9 கி.மீ.யைவிட 27 மடங்கு கணிப்பு நேரம் பிடிக்கும். அதனால் பரப்பைச் சுருக்குங்கள்.

பதில் (கொடைக்கானல்)
மூன்றாவது சிக்கலுக்கு முதலில் கடலைப் பாருங்கள். முதல் வெளியீட்டுக் கோப்பிலும் கடைசிக் கோப்பிலும் வங்கக் கடலில் ஒரே புள்ளியின் எஸ்எஸ்டி (கடல் மேற்பரப்பு வெப்பநிலை) என்ன?

கேள்வி (குன்னூர்)
இரண்டிலும் அதே எண், தசமம் உட்பட. நேம்லிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் எஸ்எஸ்டி அப்டேட் 0 என்று இருக்கிறது.

பதில் (கொடைக்கானல்)
அதுதான். 0 என்றால் கடல் வெப்பநிலை தொடக்க நாளிலேயே உறைந்துவிடும். பத்து வருடமும் ஜனவரி மாதக் கடல்மேலேயே மழை பெய்திருக்கிறது. 2015 எல் நினோ, 2019-இன் இந்தியப் பெருங்கடல் இருமுனை எல்லாம் காற்றெல்லை வழியாக மட்டும் கசிந்து வந்திருக்கும். எஸ்எஸ்டி அப்டேட் 1, ஆக்ஸ்இன்புட்4 இடைவெளி (புதிய கடல் தரவைப் படிக்கும் இடைவெளி) மூன்று வட்டத்துக்கும் 360 நிமிடம் என்று மாற்றி, தொடக்க, எல்லைக் கோப்புகளை உருவாக்கும் ரியல் நிரலை மறுபடி ஓட்டுங்கள். மாறும் கடல் தரவு இருக்கும் லோஇன்புட் கோப்பு உருவாகாவிட்டால் மேலே போகாதீர்கள். இதை 27 கி.மீ.யிலேயே முதலில் முடித்துவிடுங்கள், பிறகு 3-க்குப் போகலாம்.

ஒப்பிடும்போது 3 கி.மீ. மழையை 27-க்குச் சராசரியாக்கிய பிறகே ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுங்கள். பரப்பு பெரிதானால் அலைவு தானாகவே குறையும்; அதை மாடலின் குறை என்று எழுதிவிடக் கூடாது. தொடக்க நாளை ஒவ்வொரு நாளாகத் தள்ளி நாலைந்து ஓட்டம் எடுங்கள். அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட 27-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் அது கட்ட அளவின் விளைவு.

எதிர்கால ஓட்டத்துக்கு உலக மாடலின் கடலை எடுப்பதானால் இன்னும் கவனம் தேவை. 1 டிகிரி கட்டமுள்ள கடல் மாடலில் கடல்நீர்ச் சுழல்கள் தெரியாது; 0.25-இல் அரைகுறையாகத் தெரியும். பசிபிக் குளிர்நாக்கு (நிலநடுக்கோட்டையொட்டி நீளும் குளிர்ந்த நீர்ப்பட்டை) மேற்கே அதிகம் நீளும் பிழை பல மாடல்களில் உண்டு, அதை நீலகிரியின் 3 கி.மீ. கட்டம் திருத்தாது.