அடுத்த வெள்ளிக்கு இன்னும் எவ்வளவு நேரம்? பைத்தானில் கணக்குப் போட்ட அனுபவங்கள்

வாரம் ஒருமுறை, வெள்ளி மாலை 6 மணிக்கு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் என் கைக்கு வந்தது. அடுத்த ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும். பழைய கோடில் கிழமைக்கு ஒன்றாக ஏழு இஃப் நிபந்தனைகள். அத்தனையையும் தூக்கிவிட்டு ஒரே வரி வைத்தேன்: வேண்டிய கிழமையின் எண்ணிலிருந்து இன்றைய வீக்டே எண்ணை (பைத்தான் தரும் கிழமை எண்) கழித்து, 7-ஆல் வகுத்தால் வரும் மீதி. வீக்டேயில் திங்கள் 0, வெள்ளி 4, ஞாயிறு 6. இன்று ஞாயிறு என்றால் 4 - 6 = -2; மீதி 5. பைத்தானில் மீதி, வகுக்கும் எண்ணின் குறியையே எடுத்துக்கொள்வதால் மைனஸ் வராது. இதே வரியை ஜாவாஸ்கிரிப்டில் போட்டால் மைனஸ்தான் வரும். போதாக்குறைக்கு அங்கே ஞாயிறுதான் 0.

இன்றே வெள்ளி என்றால்தான் சிக்கல். மீதி 0. சிலர் உடனே அதை 7 ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், மாலை 4 மணிக்கு 'இன்னும் 2 மணி நேரம்' என்று காட்ட வேண்டிய திரை ஒரு வாரத்துக்கு மேல் காட்டும். தேதியையும் மணியையும் ஒரே நேரமாக்கும் கம்பைன் வைத்து இரண்டையும் சேர்த்து, அந்த நேரம் கடந்துவிட்டதா என்று பார்த்து, கடந்திருந்தால் மட்டும் டைம்டெல்டாவில் (கால இடைவெளியைக் குறிக்கும் பைத்தான் வகை) 7 நாள் கூட்டுவதே சரி.

---

நான் பார்த்தது வேறு கூத்து. செவ்வாய் மாலை 4 மணிக்கே 'வெள்ளி 6 மணிக்கு இன்னும் 2 மணி நேரம்' என்று ஒரு திரை சொல்லிக்கொண்டிருந்தது. கழித்து வந்த டைம்டெல்டாவில் செகண்ட்ஸை மட்டும் எடுத்திருந்தார்கள். அது 3 நாளை விட்டுவிட்டு மிச்சமுள்ள 7,200-ஐத்தான் தரும். டோட்டல் செகண்ட்ஸ் கேட்டால் 2,66,400 வரும். பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல!

---

கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி முன்னே போகிறது என்றால், சனி நண்பகலிலிருந்து திங்கள் நண்பகல் வரை உண்மையில் 47 மணி நேரம்தான். இரண்டு நேரத்துக்கும் ஒரே ஸோன்இன்ஃபோ (நேர மண்டலத் தகவல்) இருந்தால் பைத்தான் சுவர்க்கடிகாரத்தை மட்டும் பார்த்து 48 என்கிறது. அதனால் கிழமையை உள்ளூர் நேரத்தில் கண்டுபிடித்து, அப்புறம் இரண்டையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிக் கழிக்கிறேன். ஸோன்இன்ஃபோ 3.9 முதல் பைத்தானோடே வருகிறது. விண்டோஸில் மட்டும் டிஇசட்டேட்டா என்ற நேர மண்டலத் தரவுத் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.