ஏழு மணி பஸ்ஸில் போனவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம ஊரில் முதன்முதலில் பனியன் கம்பெனிக்குப் போனது யார் என்று போன வாரம் மஸ்கட் மாப்பிள்ளை கேட்டிருந்தார். முதல் ஆள் என்று சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் முதல் நாலைந்து பேரில் எங்கள் அப்பிச்சியும் (அம்மாவோட அப்பா) உண்டு. கிணறு வற்றிய வருஷம் திருப்பூருக்கு ஏழு மணி பஸ் ஏறியவர். துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பையனாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராக வெளியே வந்தார்.

மாஸ்டர் என்றதும் நாற்காலி உத்தியோகம் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை அது. பனியன் துணி வட்ட மிஷினில் குழாய் மாதிரி இறங்கும். குழாயின் சுற்றளவுதான் உடம்பு அளவு. அதனால்தான் பழைய வெள்ளை பனியனுக்கு விலாவில் தையல் இருக்காது. கழுத்தையும் கைக்குழியையும் வெட்டினால் போதும். அதை வெட்டி வெட்டியே அவர் வலது கட்டைவிரலடியில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. அதை அமுக்கிப் பார்ப்பது பேரப்பிள்ளைகள் எங்களுக்கு விளையாட்டு.

"துணிக்கும் தூக்கம் வேணுங் கண்ணு" என்பார். உதறி ஒரு ராத்திரி போட்டுவைத்து அப்புறம்தான் கத்தரி வைக்க வேண்டுமாம். அவசரப்பட்டால் 90 சைஸ் ஒரு தண்ணி கண்டதும் 85 ஆகிவிடும். கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து ஆளின் பனியன் கழுத்தைத் திருப்பித் தையல் பார்ப்பார். அம்மாயி (பாட்டி) தலையில் அடித்துக்கொள்வார். அப்பிச்சி போட்டதென்னவோ கடைசிவரை கம்பெனியில் கழித்த செகண்ட்ஸ் பனியன்தான்.

1984 கதை அம்மா சொல்லித்தான் தெரியும். பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருஷம். சனிக்கிழமை சம்பளத்தோடு முறுக்குப் பொட்டலமும் வாங்கி வந்துகொண்டிருந்த மனுஷன், சொந்தக்காரர் காட்டுக்குக் கூலிக்குப் போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், வரப்போரம் கழற்றி வைத்துவிட்டு இறங்குவாராம். திரும்பும்போது மறுபடி மாட்டிக்கொள்வாராம். இதெல்லாம் யாருக்காக என்று அம்மாயி கேட்டதற்கு, "வழியில பஸ்ஸு போகுதல்ல" என்றாராம்.

எக்ஸ்போர்ட் வந்து கலர் துணி பெருகியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத் துணி என்றால் கை கழுவாமல் தொட முடியாது, கலரில் எல்லாம் மறைந்துவிடுகிறது என்று புலம்புவார். நொய்யல் ஆறு சாயத்தோடு ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2011இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவர் இல்லை.

அவருடைய கத்தரி இன்னும் ஊர் வீட்டுப் பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் படம் போடுகிறேன். அதற்குள் அந்த ஏழு மணி பஸ்ஸில் யார் யார் போனார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். டிரைவருக்குப் பின்னாடி ஜன்னல் சீட்டு அப்பிச்சியோடது. அதுக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவேண்டாம்.