செரோக்கி மொழியில் வினையிலிருந்து அடைமொழி உருவாக்குவது எப்படி?

சொல்தேடி:
இரண்டு மாதமாக, வட அமெரிக்கப் பழங்குடி மொழியான செரோக்கியைப் படிக்கிறேன். வினைச்சொற்கள் ஓரளவு பிடிபட்டுவிட்டன, ஆனால் 'பேசுகிற ஆள்', 'சொல்லப்பட்ட சேதி' மாதிரி வினையை அடைமொழியாக்கிச் சொல்லும் இடத்தில் தடுமாறுகிறேன். நம் பெயரெச்சம்போல ஒரு விகுதியைச் சேர்த்தால் முடிந்துவிடுமா?

வேர்ச்சொல்:
ஒரு விகுதியில் முடியாது. ஒவ்வொரு வினைக்கும் ஐந்து அடிகள் (விகுதி சேர்வதற்கு முன் வினை நிற்கும் வடிவங்கள்) உண்டு, எந்த அடியிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கவோனிஹ என்றால் 'பேசுகிறார்', கவோனிஸ்கோயி என்றால் 'வழக்கமாகப் பேசுவார்'. இந்த இரண்டாவதில் கடைசி 'ஓயி' போய் வெறும் 'இ' நின்றால் கவோனிஸ்கி, அதாவது பேசுபவர். போலீஸ்காரரைக் குறிக்கும் திதனியிஸ்கியும் இதே அச்சில் வார்த்ததுதான், 'பிடிப்பவர்' என்று பொருள். ஆனால் 'ஜலகி கவோனிஹிஸ்தி' (செரோக்கி மொழி) வேறொரு அடியிலிருந்து வருகிறது. சொல்லப்பட்டது என்ற பொருளுக்கு 'த' என்று முடியும் கனோஹேத. ஓஸ்த கனோஹேத என்றால் நற்செய்தி.

நிலாமுற்றம்:
பெயரெச்சத்தை விடுங்கள், வினையாலணையும் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று புரியும். கவோனிஸ்கியில் முன்னால் இருக்கும் 'க' படர்க்கையைக் காட்டுகிறது. அதையே தன்மையில் சொன்னால் ஜிவோனிஸ்கி, 'பேசுபவனாகிய நான்'. பழந்தமிழில் வந்தேனை, வந்தாயை, வந்தவனை என்று மூன்று இடத்துக்கும் இருந்ததே, இன்றைக்கு நம் பேச்சில் வந்தவன் மட்டும்தான் மிச்சம். நாம் இழந்த அந்த வசதி செரோக்கியில் அப்படியே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று முழுக்க வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதுகொடு:
எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்! வினை இப்படிப் பெயராகவோ அடையாகவோ மாறும்போது ஒரு நெடில் மிக உயர்ந்த தொனிக்கு ஏறிவிடும், அதுவும் இலக்கணத்தின் பகுதிதான். செரோக்கியரான செக்வோயா 1821இல் முடித்த அசையெழுத்து (ஒவ்வொரு அசைக்கும் ஒரு குறி) அருமையான படைப்பு, ஆனால் அதில் தொனியும் இல்லை, குறில் நெடில் வேறுபாடும் இல்லை. எழுத்தை மட்டும் வைத்துப் படிப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. செரோக்கி மொழியறிஞர் டர்பின் ஃபீலிங் தன் 1975 அகராதியில் தொனியை எண்களால் குறித்திருப்பார், அந்த மிக உயர்ந்த தொனிக்கு 4, அது வரும் இடங்களைக் கவனியுங்கள். அப்புறம், தாய்மொழியாகப் பேசுபவர்களின் ஒலிப்பதிவைக் கேட்காமல் எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்யாதீர்கள், பின்னால் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

சொல்தேடி:
மூவருக்கும் நன்றி. ஹிவோனிஹ 'நீ பேசுகிறாய்' என்றால், முன்னிலையில் ஹிவோனிஸ்கி என்று வருமா?

நிலாமுற்றம்:
ஆமாம், அதேதான். தொனியை மறக்காதீர்கள்.