டிஸ்கில் போட்டதும் ஆள் இளைத்த கதை: உங்களுக்கும் நடந்ததா?

தங்கை பட்டம் வாங்கிய அன்று எடுத்த வீடியோவை டிவிடியில் எழுதிச் சித்திக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் எங்கள் டிவியில் போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மறுநாளே சித்தியிடமிருந்து போன்: "என்னடா, எல்லாரும் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

போய்ப் பார்த்தால், திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் நெட்டை நெட்டையாக நாங்கள். மேடைக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரம் முட்டை மாதிரி நின்றது.

பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் முழு அளவுப் படம் என்றால் 720க்கு 576 புள்ளிகள். 16:9 அகலத்திரைப் படமானாலும் அதுதான், பழைய 4:3 படமானாலும் அதுதான். வகுத்துப் பாருங்கள், 1.25 வரும், இரண்டில் எதோடும் ஒட்டாது. எவ்வளவு அகலமாக விரித்துக் காட்ட வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்வது கூடவே போகும் ஒரு சின்னக் குறிப்புதான். அது இரண்டு இடத்தில் இருக்கிறது: எம்பெக்-2 முறையில் சுருக்கிய வீடியோவுக்குள் ஒன்று, டிஸ்கில் உள்ளதைப் பிளேயருக்குச் சொல்லும் ஐஎஃப்ஓ (IFO) கோப்பில் ஒன்று. என் வீடியோவில் 16:9 சரியாகவே இருந்தது. ஐஎஃப்ஓவில் 4:3. டிஸ்க் மெனு செய்யும்போது முதலில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் எங்கள் வீட்டில் எப்படிச் சரியாகத் தெரிந்தது? எங்கள் டிவி, எது வந்தாலும் திரை முழுக்க இழுத்து நிரப்பும் செட்டிங்கில் கிடந்தது. என் தப்பை அதுவே மூடி மறைத்துவிட்டது! வீடியோவை மறுபடி கன்வெர்ட் செய்யத் தேவைப்படவில்லை. ஐஎஃப்ஓவை மட்டும் திருத்தி வேறு டிஸ்கில் எழுதினேன்.

---

எனக்கு நேர்மாறு. குறிப்பு சரி, படம்தான் தப்பு. நண்பர்களோடு எடுத்த குறும்படம் 1920க்கு 800. அதை நேராக 720க்கு 576 ஆக்கி 16:9 போட்டேன். எல்லாருக்கும் மூன்றில் ஒரு பங்கு உயரம் கூடிவிட்டது. டிவிடிக்கு 4:3, 16:9 இரண்டே வடிவம்தான் தெரியும். அதைவிட அகலமான படம் என்றால் மேலும் கீழும் கறுப்பை நாமே சேர்க்க வேண்டும். படத்தை 720க்கு 428 ஆக்கி, மேலே 74, கீழே 74 வரி கறுப்பு வைத்தேன். உண்மைக் கணக்கு 426.67. ஒற்றைப்படை எண் வேண்டாம், ஏனென்றால் நிறத் தகவல் இரண்டு வரிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கப்படுகிறது. பட்டை பிடிக்காமல் ஓரத்தை வெட்டுபவர்கள் உண்டு. எனக்கு மனசு வராது.

---

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ, 1080க்கு 1920. உயரம் 576 என்றால் அகலம் 324 தானே என்று போட்டேன். தலையெல்லாம் பூசணிக்காய். 16:9 டிஸ்கில் அந்த 720 புள்ளிகளும் 1024 அளவுக்கு விரிகின்றன என்பதை மறந்துவிட்டேன். சரியான அகலம் 228, பக்கத்துக்கு 246 கறுப்பு. இந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க மூன்று டிஸ்க் வீண்.

---

மூன்று டிஸ்க்கா! முதலில் எழுதிய நான்தான் மறுபடி. திரும்ப எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது எதைக் கன்வெர்ட் செய்தாலும், மூல வீடியோவின் முதல் ஐந்து விநாடியில் ஒரு வெள்ளை வட்டம் சேர்த்துவிடுகிறேன். டிவியை நிரப்பும் செட்டிங்கிலிருந்து மாற்றிவிட்டு, ஸ்கேலை வைத்து வட்டத்தைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை அளப்பேன். போன தடவை 31 சென்டிமீட்டர், 31 சென்டிமீட்டர். சித்திக்கு அனுப்பியாகிவிட்டது.