‘பிரிமெச்சூர்’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

ஆங்கிலம் நன்கு அறிந்த நண்பர்கள் கொஞ்சம் உதவுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் கெடுவுக்கு முன்பே பணம் கட்டியதற்கு நன்றி சொல்ல, ‘பிரிமெச்சூர் பேமென்ட்’ என்று கடிதத்தில் எழுதிவிட்டேன். மேலாளர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, “அவர் கட்டியது குற்றமா?” என்று கேட்டார்.

அகராதியைப் புரட்டினேன். 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைக்கும், அவசரப்பட்டு எடுத்த முடிவுக்கும் அதே சொல்தான். ‘ஏர்லி’ வெறும் நேரத்தைச் சொல்கிறது, ‘அன்டைம்லி’ ஏறக்குறைய நம் ‘அகால’ மரணம். இதுவரை புரிகிறது. தேடப்போன இடத்தில் கிடைத்த ‘பிரிகோஷஸ்’தான் எனக்கு மிகவும் பிடித்தது. முன்னதாகவே பழுத்தது என்பது அதன் லத்தீன் மூலச்சொல்லின் பொருள். ஆப்ரிகாட் பழத்தின் பெயருக்கும் அதே வேர். அப்படியே நம் ‘பிஞ்சிலே பழுத்தது’! நாம் திட்டுவதற்குச் சொல்வதை, அவர்கள் கெட்டிக்காரக் குழந்தையைப் பாராட்டவும் சொல்கிறார்கள்.

குழப்பம் இனிமேல்தான். ‘இன் அட்வான்ஸ்’, ‘பிஃபோர்ஹேண்ட்’, ‘அஹெட் ஆஃப் டைம்’ மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதலாமா? என் கடிதத்துக்கு எது பொருந்தும், அல்லது வெறும் ‘ஏர்லி’யே போதுமா? முழு வாக்கியமாகவே எழுதிக் காட்டுங்கள். திங்கட்கிழமை காலை கடிதம் போயாக வேண்டும்.